பனாஜிக்குப் பதில் சேலம்: கோடை விடுமுறைக் குறிப்புகள்

மே 14, புதன் – சேலம்

இந்தக் கோடைக்கு எங்கே போவது என்பதில் வீட்டில் இரண்டு கட்சி. நாத்தனார் குடும்பம் கோவாவிலுள்ள பனாஜி என்று முடிவே செய்துவிட்டது. மாண்டவி ஆற்றில் நிற்கும் காசினோ கப்பலில் ஒரு ராத்திரியாவது இருந்து பார்த்துவிட வேண்டும் என்பது நாத்தனார் வீட்டு அண்ணனுக்கு நெடுநாள் ஆசை. எங்களையும் கூப்பிட்டார்கள். 21 வயது ஆகாதவர்களை அந்தக் கப்பலில் ஏற்றமாட்டார்கள். என் மகள் எட்டாவதுதான் முடித்திருக்கிறாள். அத்தையோ, "சூதாடுற ஊருக்கு நான் எதுக்கும்மா வரணும்?" என்று சொல்லிவிட்டு வெற்றிலைப் பெட்டியை மூடிவிட்டார். அதற்குமேல் பேச்சில்லை.

அத்தைக்கு மலை பார்க்கவேண்டும், நல்ல மாம்பழம் சாப்பிடவேண்டும். இரண்டும் ஒன்றாகக் கிடைக்கிற ஊர் சேலம். திருத்துறைப்பூண்டியிலிருந்து விடியற்காலையில் காரில் கிளம்பி, திருச்சி, நாமக்கல் வழியாக வந்து சேர்ந்தபோது மதியம் ஆகிவிட்டது. கதவைத் திறந்ததும் அனல். சேலத்தைச் சுற்றி எந்தப் பக்கம் பார்த்தாலும் மலை: வடக்கே சேர்வராயன், தெற்கே ஜருகுமலை, கஞ்சமலை, நகரமலை, கோதுமலை என்று ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். நடுவில் கிடக்கும் ஊரில் பகல் வெயில் அடைபட்டு நிற்கிறது. சாயங்காலம் ஐந்தரை வரை அறையைவிட்டு யாரும் அசையவில்லை.

வெயில் தாழ்ந்ததும் தட்டுவடை செட் தேடிப் போனோம். இதைப் பற்றி நான் நிறைய எழுதப்போகிறேன், ஏனென்றால் எங்கள் ஊரில் இது கிடையாது. சேலத்தில் தெருவுக்குத் தெரு தள்ளுவண்டி. ஒரு ரூபாய்க் காசைவிடப் பெரிய, மொறுமொறுவென்ற குட்டித் தட்டுவடைகள். அதில் ஒன்றை இலையில் வைத்து, மேலே பச்சைச் சட்னி ஒரு பொட்டு, பூண்டும் மிளகாயும் அரைத்த சிவப்புச் சட்னி ஒரு பொட்டு. அதன்மேல் துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் பொடிப்பொடியாய் நறுக்கிய வெங்காயமும் கலந்த கலவையை ஒரு சிட்டிகை அள்ளி வைத்து, இன்னொரு தட்டுவடையால் மூடுகிறார்கள். வண்டிக்கார அம்மாவின் விரல்கள் போகிற வேகத்தில் ஒரு செட் முடிந்து அடுத்தது தொடங்குவதே தெரியவில்லை. முழுசாக வாயில் போட்டுக் கடிக்கவேண்டும். பாதி கடித்தால் மீதி சட்டையில்.

ஐந்து செட் நாற்பது ரூபாய். மகள் சிவப்புச் சட்னியின் காரம் தாங்காமல் கண்ணைத் துடைத்தாள். "பாப்பாவுக்குக் காரம் ஏறிடுச்சா? இந்தா கண்ணு, இதைத் தின்னு" என்று வெறும் தட்டுவடை இரண்டை அவள் கையில் வைத்தார் அந்த அம்மா. அதற்குக் காசு வாங்கவில்லை. அப்புறம் நொறுக்கல் ஒரு தட்டு வாங்கினோம். அதே தட்டுவடையை நொறுக்கிச் சட்னியும் காயும் போட்டுக் கிளறித் தருவது. அத்தைக்குப் பல் சரியில்லாததால் அதுதான் பிடித்தது. மாங்காய் செட், பூண்டு செட், முறுக்கு செட் என்று பலகையில் இன்னும் நீளமான பட்டியல். ராத்திரிக்குத் தனியாகச் சாப்பாடு தேவைப்படவில்லை.

மே 15, வியாழன் – சேலம்

காலை ஏழு மணிக்கே கோட்டை மாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டோம். சேலத்து ஆடித் திருவிழா இந்தக் கோயிலை வைத்துத்தான். ஆடி பிறக்க இன்னும் நாள் இருப்பதால் கூட்டமில்லை; அத்தை நிதானமாக நின்று கும்பிட்டார். அங்கிருந்து சுகவனேசுவரர் கோயில். பக்கத்தில் ஓடும் திருமணிமுத்தாறு இப்போது சாக்கடையாகக் கிடக்கிறது. பெயரில் முத்து இருக்கும் ஒரு ஆற்றை இப்படிப் பார்க்க மனசு கேட்கவில்லை. ஆற்றுத் தண்ணீரை நம்பிப் பிழைக்கிற ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு இது இன்னும் உறுத்தும்.

பத்து மணிக்குமேல் செவ்வாய்ப்பேட்டை. இங்கேதான் லீ பஜார். பருப்பு, புளி, ஜவ்வரிசி என்று மூட்டை மூட்டையாகக் கைமாறும் மொத்த வியாபாரம். சேலம் ஜவ்வரிசி தெரியாத வீடு இருக்காது. கிழங்கு மாவும் ஜவ்வரிசியும் விற்க ஆலைக்காரர்கள் சேர்ந்து 1981-ல் ஆரம்பித்த சேகோசர்வ் கூட்டுறவு சங்கம் இந்த ஊரில்தான் இருக்கிறது. வடாம் போட என்று சொன்னதும் கடைக்காரர், "பாயசத்துக்கு வேற, வடாத்துக்கு வேறங்க" என்று இரண்டு சாக்கிலிருந்தும் ஒரு பிடி அள்ளி என் கையில் கொட்டி வித்தியாசம் காட்டினார். நாங்கள் வாங்கியது இரண்டே கிலோ. இரண்டு மூட்டை வாங்குகிறவரிடம் பேசுகிற மாதிரியே எங்களிடமும் பேசினார்.

இந்த ஊருக்கு வந்ததற்கு எனக்குக் கிடைத்த பெரிய பரிசு கொலுசுப் பட்டறை. மகளுக்குக் கொலுசு வாங்கப் போன கடையில், எங்கே செய்கிறீர்கள் என்று சும்மா கேட்டேன். "பார்க்கணுமாக்கா? வாங்க, பின்னாடி சந்துதான்" என்று கடைப் பையனே கூட்டிப் போனான். வீடுதான் பட்டறை. முன்னறையில் ஊதுலை, கம்பி இழுக்கும் பலகை. உள்ளறையில் பெண்கள் தரையில் உட்கார்ந்து வேலை.

வெள்ளிக் கட்டியை உருக்கி, கம்பியாக இழுக்கிறார்கள். பலகையில் வரிசையாகத் துளைகள், ஒவ்வொன்றும் முந்தினதைவிடச் சிறிசு. கம்பி ஒவ்வொரு துளையாக நுழைந்து வெளியே வர வர மெலிந்துகொண்டே போகிறது. பிறகு அதைச் சுருட்டி, வெட்டி, வளையமாக்கி, ஒன்றோடொன்று கோக்கவேண்டும். பற்றவைப்பது ஒருவர் வேலை, முத்து கட்டுவது இன்னொருவர் வேலை, மெருகு இன்னொரு வீட்டில். ஒரு ஜோடிக் கொலுசு கடைக்கு வருவதற்குள் எத்தனையோ வீட்டு வாசல்படி ஏறி இறங்கிவிடுகிறது. சிவதாபுரம், பனங்காடு, பள்ளப்பட்டிப் பக்கமெல்லாம் இதே தொழில்தானாம். கூலி எடைக்கணக்கில்.

முத்து கட்டிக்கொண்டிருந்த அக்காவின் அருகே மகள் உட்கார்ந்துவிட்டாள். இடுக்கியால் வளையத்தைப் பிரித்து, முத்தை மாட்டி, மறுபடி நெருக்கி மூடவேண்டும். அக்கா பார்க்காமலே செய்கிறார், பேச்சு எங்களோடு. மகள் ஒன்று மாட்டப் பார்த்தாள், வளையம் நசுங்கிவிட்டது. "பரவால்ல கண்ணு, உருக்குனா மறுபடி வெள்ளிதானே" என்று அதை ஓரமாகப் போட்டார். தரையில் விழுந்த தூசியைக்கூடப் பெருக்கித் தனியாகச் சேர்த்துவைக்கிறார்கள், அதிலும் வெள்ளி இருக்கும் என்பதால். அப்படிப்பட்ட இடத்தில், யாரென்றே தெரியாத எங்களை உள்ளே உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

மதியம் ஒரு சின்ன மெஸ்ஸில் எசென்ஸ் தோசை. ஆட்டுக்கறிக் குழம்பைச் சுண்டவைத்து எடுத்த சாற்றைத் தோசைமேல் ஊற்றித் தேய்த்துச் சுட்டுத் தருகிறார்கள். வீட்டுக்காரர் சத்தமே இல்லாமல் மூன்று சாப்பிட்டார். அத்தை வியாழக்கிழமை கவுச்சி சாப்பிடமாட்டார். அவருக்கு இட்லி, தக்காளிச் சட்னி.

சாயங்காலம் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு. டி. ஆர். சுந்தரம் 1935-ல் தொடங்கிய நிறுவனம். மலையாளத்தின் முதல் பேசும் படம் 1938-ல் இங்கேதான் தயாரானது, தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமும் 1956-ல் இவர்கள் எடுத்ததுதான். ஸ்டுடியோ போய்விட்டது, நுழைவு வளைவு மட்டும் நிற்கிறது. அத்தை ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். சின்ன வயதில் டூரிங் கொட்டகை மணலில் உட்கார்ந்து பார்த்த படங்களில் இந்தப் பெயர் திரையில் வருமாம். "இந்த வாசல் வழியாத்தானே எம்.ஜி.ஆர் உள்ள போயிருப்பாரு" என்றார். போட்டோ எடுத்துக்கொள்ள அவராகவே கேட்டது இந்தப் பயணத்தில் இங்கே மட்டும்தான்.

ஏற்காடு போகிறவர்கள் சேலத்தில் ரயிலோ பஸ்ஸோ மாறிக்கொண்டு நேரே மலையேறிவிடுகிறார்கள். எங்கள் தெருவிலேயே ஏற்காடு பார்த்தவர்கள் நாலைந்து குடும்பம் உண்டு. ஒருவர்கூடச் சேலத்தில் ராத்திரி தங்கியதில்லை. தங்கிப் பாருங்கள் என்று உங்களை நிஜமாகவே கேட்டுக்கொள்கிறேன். "பார்க்கவேண்டிய இடம்" என்று பலகை வைத்த இடங்கள் இங்கே குறைவு. ஆனால் மனிதர்கள் வேலை செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க விடுகிற ஊர் இது. வேறு சுற்றுலா ஊர்களில் எனக்கு அது வாய்த்ததில்லை.

மே 16, வெள்ளி – ஏற்காடு

காலை எட்டு மணிக்கு அடிவாரம் செக்போஸ்ட். பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விட்டார்கள். இந்தப் பக்கப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை. மகள் எண்ணிக்கொண்டே வந்தாள். எட்டாவது வளைவுக்கு அப்புறம் சத்தத்தைக் காணோம். பதினோராவதில் காரை நிறுத்தி, அவள் வாந்தி எடுத்து, எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு மறுபடி ஏறினாள். காரை நிறுத்திய இடத்தில் குரங்குகள் தயாராக இருந்தன. முன்சீட்டில் வைத்திருந்த தட்டுவடைப் பொட்டலத்தை ஒன்று எடுத்துக்கொண்டு தடுப்புச்சுவரில் போய் உட்கார்ந்தது. பிரித்துத் தின்ன விதத்தைப் பார்த்தால் அதற்குப் புதுப் பழக்கமில்லை.

மேலே போகப் போகக் காற்று மாறுகிறது. முதலில் மூங்கிலும் முள்மரமும். பிறகு நெட்டநெடுக சில்வர் ஓக் மரங்கள், அவற்றைச் சுற்றி ஏறிய மிளகுக்கொடி, கீழே நிழலில் காபிச் செடி. ஊர் ஏறத்தாழ ஐயாயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. சேலத்தில் மூடவே முடியாத கண்ணாடிகளை அத்தை இங்கே ஏற்றிவிடச் சொன்னார்.

முன்பதிவு செய்திருந்த விடுதியில், எங்கள் அறையை முதல்நாள் வந்தவர்கள் காலி செய்யவில்லை என்றார்கள். சாயங்காலம் வரை காத்திருந்தால் மாடியில் வேறு அறை தருகிறார்களாம், செங்குத்துப் படி, அத்தையால் ஏற முடியாது. பணத்தைத் திருப்பித் தர ஒருவாரம் ஆகுமாம். வீட்டுக்காரர் குரல் உயர்ந்தது, அவர்கள் குரலும் உயர்ந்தது. சீசனில் இன்னொரு அறை எங்கே தேட? வாசலில் மிளகு விற்றுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் இதையெல்லாம் கேட்டிருக்கிறார். "பெரியம்மாவை வெச்சுக்கிட்டு எதுக்குங்க சண்டை, நாகலூர் போற வழியில எனக்குத் தெரிஞ்ச வீடு இருக்கு, ரூம் விடுறாங்க" என்று போனில் பேசிக் கொடுத்தார். கமிஷன் ஏதாவது கொடுக்கலாம் என்று பணம் நீட்டினால், "அரைக்கிலோ மிளகு வாங்கிக்குங்க, போதும்" என்றார். கால்கிலோ 220 ரூபாய். அரைக்கிலோ வாங்கினோம். ஊரில் வந்து இடித்துப் பார்த்தபோதுதான் அதன் வாசனை எப்பேர்ப்பட்டது என்று தெரிந்தது.

அந்த வீடு சின்னக் காபித் தோட்டத்துக்கு நடுவே. அறை 2,500 ரூபாய், தரைத்தளம். வீட்டம்மா முதலில் கொடுத்தது கடுங்காபி. அவர்கள் தோட்டத்துக் கொட்டை, வீட்டிலேயே வறுத்து அரைத்தது, பனைவெல்லம் போட்டது. டிகாஷன் காபியிலேயே வளர்ந்தவள் நான், இருந்தும் அன்றைக்கு இரண்டாவது தம்ளர் கேட்டேன். தோட்டத்தை அவரே சுற்றிக் காட்டினார். பங்குனி, சித்திரையில் ஒரு நல்ல மழை பெய்தால்தான் பூ மலரும், மலையே மல்லிகை மணக்கும் என்றார். நாங்கள் போனபோது பூ முடிந்து, கணுவுக்குக் கணு பச்சைக் காய் பிடித்திருந்தது. பழுத்துச் சிவந்து பறிக்க நவம்பருக்கு மேல் ஆகும். இந்த மலையில் காபியைக் கொண்டுவந்து வைத்தவர் 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற வெள்ளைக்காரர். கிரேஞ்ச் எஸ்டேட் அவர் காலத்துடையது.

மாலை ஏரி. படகுக்குப் பெரிய வரிசை, நாங்கள் நிற்கவில்லை. கரையில் உட்கார்ந்து மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டோம், தட்டு ஐம்பது. சூடான எண்ணெயில் போட்டு எடுக்க எடுக்கக் காலியாகிறது. குளிருக்கு அது எவ்வளவு பொருத்தம் என்பதைச் சாப்பிட்டுத்தான் தெரிந்துகொள்ளவேண்டும்.

மே 17, சனி – ஏற்காடு

சனிக்கிழமை கூட்டம் வருவதற்கு முன்னால் சேர்வராயன் கோயிலுக்குப் போய்விடுங்கள் என்று வீட்டம்மா ஆறரைக்கே எழுப்பிவிட்டார். நல்ல யோசனை. 5,326 அடி உயரத்தில் மேசை போட்டதுபோலப் பரந்த மேட்டில் கோயில். கோபுரம் கிடையாது, குனிந்து நுழையவேண்டிய குகை. உள்ளே இருட்டு, ஈரம், எண்ணெய்விளக்கு வெளிச்சத்தில் சேர்வராயனும் காவேரியும். மலைக்கு அவர், கீழே ஓடும் ஆற்றுக்கு அவள் என்று பூசாரி சொன்னதும் அத்தையும் வீட்டுக்காரரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். காவேரி எங்களுக்கு நிலத்துக்கு வருகிற தண்ணீர். அவளுக்கு இவ்வளவு உயரத்தில் ஒரு கோயில் இருப்பது எங்களில் யாருக்கும் தெரியாது. மே மாதம் நடக்கும் திருவிழாவுக்குச் சுற்றுவட்ட மலைக் கிராமங்களிலிருந்தெல்லாம் மலையாளி என்ற இந்த மலைப் பழங்குடி மக்கள் வந்து சேர்வார்களாம்.

கோயில் வாசலில் அந்த மக்களில் ஒரு பாட்டி பலாச்சுளை விற்றுக்கொண்டிருந்தார். பத்துச் சுளை முப்பது ரூபாய். அத்தையும் அவரும் பேச உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கவே இல்லை. இவர் கேட்டது சாமை, தினை பற்றி. அவர் கேட்டது கடல் பற்றி. "உங்க ஊர்லருந்து கடல் தெரியுமா சாமி?" என்று கேட்டார் பாட்டி. தெரியாது, ஆனால் காற்றடித்தால் உப்பு வாசம் வரும் என்றார் அத்தை. கிளம்பும்போது எண்ணாமல் இன்னும் நாலு சுளையை அத்தை மடியில் போட்டார்.

பத்து மணிக்கெல்லாம் எல்லாச் சாலையும் கார்களால் நிரம்பிவிட்டது. பகோடா பாயின்ட், லேடீஸ் சீட் எல்லாம் தலைகளுக்கு நடுவேதான் பார்த்தோம். லேடீஸ் சீட்டிலிருந்து சேலம் ஊர் முழுக்கத் தெரியும். செவ்வாய்ப்பேட்டை எந்தப் பக்கம் என்று மகள் தேடினாள். கிளியூர் அருவியில் தண்ணீர் இல்லை என்று கீழே போய்த் திரும்பியவர்களே சொல்லிவிட்டார்கள். ஏரி நிரம்பி வழிந்தால்தான் அருவி.

கூட்டமே இல்லாத இரண்டு இடம் கிடைத்தது. ஒன்று, இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம். பூச்சியைப் பிடித்துத் தின்னும் குடுவைச் செடியை மகள் முதல்முறையாக நேரில் பார்த்தாள். இலை நுனியே குடுவையாகி, மேலே ஒரு மூடியும் வைத்துக்கொண்டு தொங்குகிறது. மற்றது, பழைய ஹோலி டிரினிட்டி தேவாலயம். ராபர்ட் புரூஸ் ஃபூட்டின் கல்லறை அங்கே இருக்கிறது. 1863-ல் பல்லாவரத்தில் கற்கால மனிதனின் கைக்கோடரியைக் கண்டெடுத்தவர். தமிழ்நாட்டு மண்ணில் அவ்வளவு ஆதியில் மனிதர் வாழ்ந்திருக்கிறார்கள் என்று உலகம் தெரிந்துகொண்டது அந்தக் கல்லிலிருந்துதான். கடைசிக் காலத்தில் ஏற்காட்டில் வாழ்ந்து, 1912-ல் இறந்தார். மகள் பாடப்புத்தகத்தில் படித்த பெயர். ஏற்காடு சுற்றிக்காட்டும் வண்டிக்காரர்கள் இந்த இடத்தையும் பட்டியலில் சேர்த்தால் எவ்வளவோ பிள்ளைகள் பார்ப்பார்கள்.

நாலு மணிக்கு மேகம் இறங்கியது. ஐந்துக்கு இடி, ஆலங்கட்டி, கரண்ட் போனது. வராந்தாவில் மெழுகுவத்தி வைத்து உட்கார்ந்திருந்தபோது பனாஜியிலிருந்து நாத்தனார் போன். அண்ணன் முந்தின ராத்திரி கப்பலில் நாலாயிரம் ஜெயித்து, விடிவதற்குள் அதையும் அதற்குமேல் பதினெட்டாயிரமும் விட்டுவிட்டாராம். இன்றைக்கு மறுபடி போகிறேன் என்கிறாராம். நாத்தனார் குரல் சரியாக இல்லை. அத்தை போனை வாங்கி, "அவனை ரூம்லயே இருக்கச் சொல்லு, பிள்ளைங்களை பீச்சுக்குக் கூட்டிப் போகச் சொல்லு" என்று மட்டும் சொன்னார்.

போனை வைத்த பிறகு எங்களுக்குச் சொன்னார். மாமா வாரம் தவறாமல் லாட்டரிச் சீட்டு வாங்குகிறவராம். எனக்கு இது தெரியாது. என் கல்யாணத்துக்கு முன்பே மாமா போய்விட்டார். பேப்பரில் குலுக்கல் முடிவு வந்ததும் சட்டைப் பையிலிருந்து சீட்டுகளை எடுத்து ஒவ்வொரு எண்ணாக விரல்வைத்துப் பார்ப்பார், பார்த்துவிட்டு அன்று முழுக்க யாரோடும் பேசமாட்டார். உழவு மாடு ஒன்று அப்படிப் போனது. அத்தையின் காசுமாலை அப்படிப் போனது. 2003 ஜனவரியில் தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்தபோது, "எங்க அம்மா வீட்டுக் குலதெய்வத்துக்குப் பொங்க வெச்சேன்" என்றார். கோவாவில் சட்டத்தைத் திருத்தித்தான் கப்பலில் சூதாட்டத்துக்கு அனுமதி கொடுத்தார்கள் என்று வீட்டுக்காரர் விளக்க ஆரம்பித்தார், அத்தை கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "இந்த ஜில்லாலதானே முதமுதல்ல கள்ளுக்கடையை மூடினாங்க?" என்றார். உண்மைதான். ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமராக இருந்தபோது, 1937 அக்டோபர் 1-ம் தேதி சேலம் மாவட்டத்தில்தான் மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தார். சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர், இந்த ஊர் வீடுகளை அறிந்தவர்.

அரசாங்கம் இப்படிச் சட்டம் போடுவது சரியா, பலன் தருமா என்று எவ்வளவோ வாதம் உண்டு. அந்த மெழுகுவத்தி வெளிச்சத்தில் நான் முழுக்க அத்தையின் கட்சி. கரண்ட் வர ஒன்பதாகிவிட்டது. வீட்டம்மா கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் செய்து கொடுத்தார். காசு கணக்கில் சேர்க்கவில்லை.

மே 18, ஞாயிறு – குப்பனூர் வழி, மேட்டூர்

கூட்டத்துக்காகப் போலீஸ் பாதையை ஒருவழியாக்கியிருந்தார்கள். ஏறுவதற்குப் பழைய மலைப்பாதை, இறங்குவதற்குக் குப்பனூர் பாதை. இதில் வளைவு குறைவு, வண்டியும் குறைவு. மகள் விழித்துக்கொண்டே வந்தாள். இறங்க இறங்க அனல் மறுபடி ஏறியது.

சேலம் சின்னக் கடைவீதியில் மாம்பழம். மல்கோவா கிலோ 180, இமாம்பசந்து 200, சேலம் குண்டு 110. "கல்லு வெச்ச பழம் இல்லீங்களே?" என்று வீட்டுக்காரர் கேட்டதும் கடைக்காரர் ஒரு பழத்தை எடுத்து நடுவே அறுத்தார். கல் வைத்தால் தோல் மட்டும் மஞ்சளாகி உள்ளே வெளுத்திருக்குமாம். இது கொட்டை வரைக்கும் ஒரே நிறம். அறுத்த பழத்தை எங்களுக்கே கொடுத்துவிட்டார். மல்கோவாவைக் காய்வெட்டாக வாங்கி, ஊரில் வைக்கோலில் வைத்துப் பழுக்கவையுங்கள், வழியில் நசுங்காது என்று சொல்லிக் கட்டிக் கொடுத்தார். நாத்தனார் வீட்டுக்கும் ஒரு பெட்டி.

ஊர் திரும்புவதற்குள் மேட்டூர் பார்த்தே ஆகவேண்டும் என்பது வீட்டுக்காரரின் பிடிவாதம். சேலத்திலிருந்து 50 கிலோமீட்டர், எதிர்ப்பக்கம், ஞாயிற்றுக்கிழமை வெயில். இருந்தும் நானும் மறுக்கவில்லை. 1934-ல் கட்டி முடித்த அணை, 120 அடி நீர்மட்டம், 93.47 டிஎம்சி கொள்ளளவு: இந்த எண்களைச் சின்ன வயதிலிருந்து ரேடியோவில் தினமும் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். நேரில் பார்த்ததே இல்லை. பூங்காவில் டிக்கெட் எடுத்து உள்ளே போய் நின்றபோது அவ்வளவு நீளச் சுவரை ஒரே பார்வையில் அடக்க முடியவில்லை. வெளியே மீன் வறுவல் கடைகள் வரிசையாக. துண்டு ஐம்பது ரூபாய், மசாலா தூக்கல், முள் குறைவு.

வீட்டுக்காரர் மீனைக்கூட முழுசாகச் சாப்பிடாமல் பதினாறு கண் பாலத்துப் பக்கம் போய்விட்டார். அங்கே நின்றிருந்த உள்ளூர்க்காரரிடம், ஜூன் 12-க்குத் திறந்துவிடுவார்களா என்று கேட்டிருக்கிறார். குறுவைக்கு மேட்டூர் திறக்கும் வழக்கமான தேதி அது. "தஞ்சாவூர்ப் பக்கமாங்க? உங்க ஆளுங்க எல்லாம் வந்தா இதைத்தான் கேப்பாங்க" என்று சொல்லி, மேலே குடகில் மழை எப்படி, கபினி எப்படி என்று அவர் தெரிந்ததையெல்லாம் சொன்னாராம். காருக்குத் திரும்பி வந்ததும் ஊருக்குப் போன் போட்டு, முதல் உழவுக்கு டிராக்டர்காரரிடம் செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார்.